எட்டுச் சரக்கும் ஒரு சந்தேகமும்

நான் போளூர்க்காரன்; பட்டுத்தறிக் குடும்பம். ஷிப்ட் வேலையில் சேர்ந்ததும் தீராத அஜீரணம் வந்துவிட்டது. அம்மா அஷ்ட சூரணம் கொடுத்தார்: சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம், இந்துப்பு. பதினைந்தே நாளில் வயிறு லேசாச்சு. "பார்த்தியாடா!" என்றார்.

ஆனால் அதே நாட்களில் ராத்திரி புரோட்டாவையும் நிறுத்தியிருந்தேன். குணமாக்கியது எது? ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதே என்று இங்கே லேபில் படித்தது அப்போதுதான் உறைத்தது.

தாய்லாந்தில் அஜீரணக்காரர்கள் 206 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாக்கி, மஞ்சளிலுள்ள குர்குமின், ஒமிப்ரசோல், இரண்டும் சேர்த்து எனக் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 2023-இல் வந்த முடிவு: மூன்றும் ஏறக்குறைய சமம். ஆனால் மருந்தில்லாத வெறும் மாத்திரைக் குழு அதில் இல்லை. தானாகக் குறைந்தது எவ்வளவு என்று சொல்ல முடியாது.

என் சித்தப்பா ஒரு வருஷம் சூரணத்தோடே இருந்தார். எடை குறைந்துகொண்டே வந்தது. எண்டாஸ்கோபி பார்த்தபோது புற்றுநோய் முற்றியிருந்தது. பழி சூரணத்தின் மேல் இல்லை. சோதிக்காமல் நம்பிய எங்கள் மேல்தான்.

தம்பி தங்கைகளே! எடை குறைந்தால், மலம் கறுத்தால், விழுங்கச் சிரமமானால் முதலில் டாக்டர்; பிறகுதான் சூரணம்.