அளவறிந்த அன்பு
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாகமுற்ற சிறியவருக்குக் கொடுக்கும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வீண்போகாது என்றார் நம் ஆண்டவர். ஆனால் அந்தத் தண்ணீரே நோயைக் கொடுத்தால்?

இக்கேள்விக்கு வாழ்நாளையே அளித்தவர் பேராசிரியர் ஏபெல் வோல்மன். 1892-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். மருத்துவராக விரும்பியவர், பொறியாளரானார்.

குளோரின் கிருமியைக் கொல்லும் என்பது முன்பே தெரியும். எவ்வளவு இடுவது? குறைந்தால் கிருமி பிழைக்கும். கூடினால் வாயில் வைக்க முடியாது. ஒவ்வொரு நீரும் ஒவ்வோர் அளவு குளோரினை ஏற்கும். அவ்வளவைச் சோதித்தறியும் முறையை வேதியியலார் லின் என்ஸ்லோவுடன் சேர்ந்து 1919-ல் வகுத்தார். பின்பு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, பிற நாடுகளுக்கும் ஆலோசனை கூறினார். 1989-ல் மறைந்தார்.

நாமோ கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டுகிறோம். அல்லது வாடை பிடிக்கவில்லை என்று போடாமலே விடுகிறோம். இந்த ஜூபிலி ஆண்டில் நம் கிணற்று நீரைச் சோதிப்போம், அளவறிந்து மருந்திடுவோம். நம் பிள்ளைகளுக்கு அன்போடு கொடுக்கும் தண்ணீர் தூயதாகவும் இருக்கட்டும்.