பாடம் இலவசம், பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிஷம். செயலாளர் இப்பவே கடிகாரத்தைப் பார்க்கிறார். அதனால் நேரா விஷயத்துக்கு வந்துடறேன். மதியம் பொதுக்குழுவில் நிதியை என்ன செய்வது என்று பேசப் போகிறோம். வாசலில் அலங்கார வளைவு கட்டலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. எனக்கு வேறொரு யோசனை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நம்மில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1984 ஆகஸ்டு 15 முதல் தூர்தர்ஷனில் பல்கலைக்கழக மானியக் குழுவின் வகுப்புகள் வந்தன. நல்ல பாடங்கள்தான். ஆனால் டி.வி. சொல்லும், நாம் கேட்கணும். திருப்பிக் கேள்வி கேட்க முடியாது, ஒரு தடவை போனால் போனதுதான்.

2001 ஏப்ரலில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஓர் அறிவிப்பு செய்தது. தன் வகுப்புக் குறிப்புகள், வினாத்தாள்கள் எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாகப் போடப் போவதாகச் சொன்னது. அடுத்த ஆண்டே 50 பாடங்களோடு தொடங்கியது. நம் நாட்டில் 2003-இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டெல். திட்டத்தை ஆரம்பித்தன. 2014 முதல் அதில் சான்றிதழும் உண்டு. 2017-இல் மத்திய அரசின் ஸ்வயம் வந்தது. இன்றைக்குப் பொறியியல் மட்டுமில்லை. கணிதம், பொருளாதாரம், உளவியல், தத்துவம், சட்டம், வேளாண்மை எல்லாம் கிடைக்கிறது. 2021 விதிப்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்துக் கிரெடிட் வாங்கவும் கல்லூரிகள் அனுமதிக்கலாம்.

நாம் படித்த காலத்தில் நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருக்கும். அதற்கு எத்தனை பேர் வரிசை! இப்போது அந்தப் பஞ்சம் இல்லை. அப்படியானால் கிராமத்துப் பிள்ளைகள் எல்லாரும் படித்து முன்னேறியிருக்க வேண்டுமே?

ஒரு கணக்கு சொல்கிறேன். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012-13இல் நடத்திய முதல் 17 இலவசப் பாடங்களுக்கு 8,41,687 பதிவுகள் வந்தன. சான்றிதழ் வரை போனவை 43,196. நூற்றுக்கு ஐந்து! மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் படித்தே தீரணும் என்று வந்து, வழியில் நின்றுபோனவர்களும் உண்டு. என் கவலை அவர்களைப் பற்றித்தான்.

ஏன் நிற்கிறார்கள்? கலிபோர்னியாவில் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் இரண்டு விதமாகச் செய்து பார்த்தது. 2012-இல் எம்.ஐ.டி.யின் மின்சுற்றுப் பாடத்தை மாணவர்கள் வீட்டில் பார்த்துவிட்டு வரணும். வகுப்பில் ஆசிரியரோடு உட்கார்ந்து கணக்குப் போடணும். 91 சதவீதம் பேர் தேறினார்கள். 2013-இல் வேறொரு நிறுவனத்தோடு சேர்ந்து, முழுக்க இணையத்திலேயே சில பாடங்கள் நடத்தினார்கள். தேர்ச்சி மிகவும் குறைந்தது. அந்த ஆண்டு ஜூலையில் நிறுத்தி வைத்தார்கள். பாடமும் மாணவர்களும் வேறு வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பக்கத்தில் ஆள் இருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது என்பது புரிகிறது இல்லையா?

பேராசிரியர் ஐயாக்கள் கவலைப்பட வேண்டாம். இணையம் வந்தால் ஆசிரியர் வேண்டாம் என்று சிலர் பேசினார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது.

நம் கல்லூரியில் இன்று படிக்கும் பல பிள்ளைகள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். தமிழில் படித்து வந்தவர்கள். வீடியோவில் பேராசிரியர் இங்கிலீஷில் வேகமாகப் போவார். சில பாடங்களின் உரை தமிழிலும் எழுத்தாகக் கிடைக்கிறது; அது இருப்பதே பலருக்குத் தெரியாது. வீட்டில் ஒரே போன் இருக்கும், அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது கூடப் போய்விடும். வாரா வாரம் ஒப்படைப்பு அனுப்பணும். அதற்கு 25 சதவீதம், மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75 சதவீதம். பாடம் இலவசம், தேர்வுக்குக் கட்டணம் உண்டு. மூன்றாவது வாரம் ஒரு சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? அங்கேதான் பிள்ளை நின்றுவிடுகிறது.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, வாரம் இரண்டு மாலை கணினி அறையைத் திறந்து வைக்க நிர்வாகம் அனுமதி தரவேண்டும். மேற்பார்வைக்கு ஆகும் செலவைச் சங்கம் ஏற்கட்டும். இரண்டு, ஒப்படைப்புகளை ஒழுங்காக முடித்த மாணவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்தை நாம் திருப்பித் தருவோம். முடித்தவர்களுக்கு மட்டும் என்றால் பணமும் வீணாகாது. மூன்றாவதுதான் முக்கியம், அதற்குப் பணமே வேண்டாம். நம்மில் வங்கியில் இருப்பவர், ஆலையில் இருப்பவர், வாத்தியார், ஓய்வு பெற்றவர் எல்லோரும் இருக்கிறோம். ஆளுக்கு ஒரு பாடம் எடுத்துக்கொண்டு வாரம் ஒரு மணி நேரம், நேரிலோ போனிலோ, தமிழில் சந்தேகம் தீர்க்கணும். தெரியாததை நாமும் அந்த வீடியோவைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நமக்கும் அது இலவசம்தானே!

வளைவு வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த ஆண்டு கட்டிக்கொள்ளலாம். இந்தப் பருவத்தில் பாதியில் நின்ற பிள்ளைக்கு அடுத்த ஆண்டு என்பது ரொம்பத் தூரம். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகும் முன் உங்கள் பெயரையும், எடுக்கக்கூடிய பாடத்தையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள்.