தொட்டிலில் தெரியாதது



அழைப்பிதழில் உபதேசியாரின் பெயர் முழுதாக அச்சாகியிருக்கிறது. இந்த மேடையில் நான் அதைச் சொல்லப் போவதில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. உபதேசியார் என்றால் அவர் ஒருவர்தான். அவர் நினைவாகப் பிள்ளைகள் வைத்த அறக்கட்டளையில் பேச, இறையியல் படித்த எத்தனையோ பேர் ஜொகூர் பாருவிலேயே இருக்கிறார்கள். என்னை அழைத்ததற்குக் காரணம், அவரிடம் ஞானோபதேசம் படித்தவர்களில் மிச்சமிருக்கிற சிலரில் நானும் ஒருவன் என்பதாகத்தான் இருக்கும்.

காலையில் பால்மரம் சீவுவார். மாலையில் கோயில் தாழ்வாரத்தில் எங்களுக்குப் பாடம். விரல் இடுக்கில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்து உருட்டிக்கொண்டே பேசுவார். கிறிஸ்து பிறப்புக்கு முந்திய வாரம் ஒருநாள், எனக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்த பையன் ஒரு கேள்வி கேட்டான். குழந்தை இயேசுவுக்குத் தொட்டிலிலேயே எல்லா பாஷையும் தெரியுமா?

தெரியும் என்பார், இதில் என்ன சந்தேகம் என்றுதான் நாங்கள் இருந்தோம். உபதேசியார் கட்டைவிரலில் இருந்த பாலை உரித்து முடித்தார்.

“தெரியாதுடா. அம்மா பேசினதைக் கேட்டுக் கேட்டுத்தான் பேசியிருப்பார். நீ கத்துக்கிட்ட மாதிரிதான்.”

“தச்சு வேலை?”

“அதுவும் சூசையப்பர்கிட்ட கத்துக்கிட்டதுதான். விரல்ல உளி பட்டிருக்கும்.”

தாழ்வாரத்தின் ஓரத்தில் பேரனைக் கூட்டிப்போக வந்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, “ஐயையோ, சாமிக்குத் தெரியாதாமே” என்று வாயில் கை வைத்துக்கொண்டது. அந்தப் பாட்டியிடம் பிறகு வருகிறேன்.

ஆறாம் வகுப்பைத் தாண்டாத ஒரு மனிதர் அன்று சொன்ன பதில், 4ஆம் நூற்றாண்டில் பெரிய அறிஞர் ஒருவர் தவறவிட்டது. லவோதிக்கேயா நகரின் ஆயர் அப்போலினாரிஸ், கிறிஸ்துவின் தெய்வத்தன்மையை உயிராகக் காத்தவர். 325இல் நிசேயா சங்கம் அதை வரையறுத்தபின்னும் சண்டை ஓயாத காலம். காக்கிற வேகத்தில் அவர் ஓர் அடி தாண்டிவிட்டார். இயேசுவுக்கு உடல் இருந்தது, ஆனால் மனித அறிவு இருக்கவேண்டிய இடத்தில் தெய்வ வாக்கே இருந்தது என்றார். அந்தக் கணக்கில் உடல் மட்டும் மனிதனுடையது. உள்ளே உட்கார்ந்து யோசிப்பது கடவுள். பசிக்கும், ஆனால் பசி என்னவென்று ஒரு மனித மனம் அறியாது. அதே காலத்து ஆயர் நசியான்சு கிரகோரியார் இதற்குத் திருப்பிக் கேட்டதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: நோய் மனதில் இருக்கும்போது, மனதைத் தொடாமல் போகிற வைத்தியர் யாரைக் குணப்படுத்தப் போகிறார்? 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் அப்போலினாரிஸின் கொள்கையைத் தள்ளியது. 451இல் கால்செதோன் சங்கம், ஒரே கிறிஸ்துவிடம் தெய்வ இயல்பும் மனித இயல்பும் ஒன்றில் ஒன்று கரைந்துபோகாமலும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமலும் இருக்கின்றன என்று எழுதிவைத்தது. கேரளத்திலிருந்து இங்கு வந்த சிரியன் ஆர்த்தடாக்ஸ் நண்பர்கள் அந்தச் சங்கத்தை ஏற்காத மரபினர். ஆனாலும் அவர் முழு மனிதர் என்பதில் அவர்களுக்கும் நமக்கும் வழக்கு இல்லை, வார்த்தையில்தான் வழக்கு.

வார்த்தை வழக்கு நமக்குள்ளும் உண்டு. தமிழில் இதைச் சொல்லத் தொடங்கிய நாளிலிருந்தே உண்டு. பழைய ஞானோபதேசப் புத்தகங்களில் ‘மனுஷாவதாரம்’ என்று படித்தோம். அவதாரம் என்றதும் தமிழன் காதில் என்ன விழும்? மேலிருந்து இறங்கி, ஓர் உரு எடுத்து, காரியம் முடிந்ததும் உருவைக் களைந்து போவது. ‘மனித வேடம் பூண்டு வந்தார்’ என்று பிரசங்கத்தில் இப்போதும் கேட்கிறேன். சொல்பவர் மனதில் தப்பான எண்ணம் ஏதும் இல்லை. நாக்கில் பழகிய சொல் அது. ஆனால் வேடம் என்றாலே கலைக்கக்கூடியது. கூத்து முடிந்து அரிதாரத்தைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவனை நாம் பார்த்திருக்கிறோம்.

வேதாகமத்தில் யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ‘வார்த்தை மாம்சமாகி’ என்று வரும். சீர்திருத்த சபைக்காரர்கள் இன்றும் அதைத்தான் வாசிக்கிறார்கள். 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் ‘மனிதர்’ என்று இருக்கிறது. ‘மனிதர்’ தெளிவான சொல், மரியாதையான சொல். எனக்கு ஒரு குறை மட்டும் உண்டு. மாம்சம் என்றால் அறுபடும், அழுகும், அட்டை கடித்தால் ரத்தம் நிற்காது. மரியாதைப் பன்மையில் அந்த நாற்றம் போய்விட்டது.

தமிழ்நாட்டில் இந்த வார்த்தை வழக்கோடு மல்லுக்கட்டியவர்களில் ஒருவரை இங்கே சொல்லியாகவேண்டும். வெங்கல் சக்கரைச் செட்டியார், 1880இல் பிறந்தவர். தொழிற்சங்கத் தலைவர், 1941இல் சென்னை மேயர். பாதிரியார் அல்லர். 1920களில் ஆங்கிலத்தில் எழுதிய நூலுக்கு ‘ஜீசஸ் தி அவதார்’ என்றே பெயர் வைத்தார். அந்தச் சொல்லைக் கண்டு அவர் ஒதுங்கவில்லை. எடுத்து, அதன் பொருளைத் திருப்பினார். மற்ற அவதாரங்கள் வந்து போகின்றன. இயேசு எடுத்த மனிதம் முடிந்துபோவதே இல்லை, உயிர்ப்புக்குப் பிறகும் அவர் மனிதராகவே இருக்கிறார் என்று வாதிட்டார். இயேசுவை ‘சத்புருஷன்’, மெய்யான மனிதர், என்று அழைத்தார். பாளையங்கோட்டையில் பிறந்து பின்னாளில் கோயம்புத்தூர் பேராயரான அ. யே. அப்பாசாமி, அதே காலத்தில் பக்தி மரபுக்குள் நின்று இதே கேள்வியோடு போராடினார். எனக்குச் சக்கரையார்தான் நெருக்கம். ஆலைத் தொழிலாளிகளோடு காலம் கழித்த ஒருவருக்கு, கடவுள் மனிதர்போல் நடித்துவிட்டுப் போனார் என்று சொல்ல மனம் வந்திருக்காது.

சைவ நண்பர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். மதுரையில் சிவபெருமான் பிட்டுக்கு மண் சுமந்த கதை நமக்கெல்லாம் தெரியும். கூலியாளாக வந்தார், பிட்டைத் தின்றார், வேலை செய்யாமல் படுத்துறங்கினார். பாண்டியன் பிரம்பால் அடித்தான். அடி பாண்டியன் முதுகிலும் விழுந்தது, எல்லா உயிர்களின் முதுகிலும் விழுந்தது. எவ்வளவு பெரிய கதை! கடவுள் எங்கும் நிறைந்தவர் என்பதை ஒரே ஓர் அடியில் சொல்லிவிடுகிறது. ஆனால் அது திருவிளையாடல். சிவன் கருவில் பிறப்பதில்லை என்பது சைவத்தின் உறுதி. கிறிஸ்தவம் சொல்வது அதிலிருந்து வேறான ஒன்று. பிலாத்துவின் முற்றத்தில் விழுந்த அடி அங்கே நின்ற ஒருவர் முதுகில் விழுந்தது. அந்த முதுகு பத்து மாதம் ஒரு தாயின் வயிற்றில் வளர்ந்தது. இரண்டில் எது உயர்த்தி என்று தராசு பிடிக்க நான் வரவில்லை. இரண்டும் ஒன்றேதான் என்று மேடைக்கு மேடை சொல்லும் நல்லிணக்கப் பேச்சு, இரண்டு கதையையும் காதுகொடுத்துக் கேட்காத பேச்சு.

நம் ஜொகூர் நிலைமையிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. மலாய்க்கார அண்டை வீட்டாருக்கு ஈசா ஒரு நபி, மரியத்தின் மகன், மனிதர். அவர்களுக்கு நடுவே வாழ்ந்து வாழ்ந்து, ‘அவர் வெறும் மனிதர் இல்லை’ என்பதையே நாம் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லப் பழகிவிட்டோம். அவர் மனிதர் என்பதை எவரும் மறுக்கவில்லை, அதனால் அதைப் பேச ஆளில்லை. நம் பேராலயத்தின் பெயர் மட்டும் பேசுகிறது.

மலாக்கா ஜொகூர் மறைமாவட்டம் 1972இல் உருவானது. அதன் பேராலயம் இந்த ஊரில்தான் இருக்கிறது. பெயர் இயேசுவின் திரு இருதயம். லயத்து வீடுகளில் சுண்ணாம்புச் சுவரில், அடுப்புப் புகை ஏறி மங்கித் தொங்கிய அதே திரு இருதய ஆண்டவர் படம்தான். கையால் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்பார். இதயம் என்பது மனித உறுப்பு. மனிதரைப்போல் விரும்பவும் அஞ்சவும் தெரிந்த இருதயம் என்பதால்தான் அதற்கு வணக்கம். ‘மனித விருப்பம் அவருக்கு இருந்ததா?’ என்பதற்காகவே ஒரு காலத்தில் ஆளையே சிதைத்திருக்கிறார்கள். மாக்சிமுஸ் என்ற துறவி, கெத்சமனி தோட்டத்தில் இயேசுவிடம் நடுங்கியது மெய்யான மனித விருப்பம் என்றார். இது, கிறிஸ்துவுக்கு ஒரே விருப்பம்தான் என்ற பைசாந்தியப் பேரரசின் சமரசக் கொள்கைக்கு ஒத்துவரவில்லை. நாக்கையும் வலக்கையையும் வெட்டி நாடுகடத்தினார்கள். 662இல் அங்கேயே இறந்தார். 680-81இல் கூடிய சங்கம் அவர் சொன்னதுதான் சரி என்றது. பத்தொன்பது ஆண்டு பிந்தி வந்த தீர்ப்பு.

இதெல்லாம் உபதேசியாருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவர் செய்ததில் அது இருந்தது. பெரிய வியாழனன்று பங்குச் சாமியார் தோட்டத்துக்கு வந்து பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரை உபதேசியார்தான் பொறுக்குவார். ஒரு வருடம் சங்கத் தலைவர், பெரிய கிராணி, கடைக்காரர் என்று வேறு யாரோ பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். இவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நேரே வெட்டுக்காட்டிலிருந்து வந்த ஆட்களை உட்காரவைத்தார். அட்டைக்கடித் தழும்பும் நகக்கண்ணில் மண்ணுமாக இருந்த கால்கள். சாமியார் கழுவக் கழுவத் தண்ணீர் பழுப்பாகிக்கொண்டே இருந்தது. மூன்று தடவை மாற்றினார்கள்.

மறுநாள் பெரிய வெள்ளி. பாடுபட்ட சுரூபத்தை இறக்கி, கோயில் நடுவில் பாய் விரித்துக் கிடத்துவார்கள். ஆண்கள் முத்திசெய்துவிட்டு வெளியே போய்விடுவார்கள். பெண்கள் மட்டும் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். “சாமிக்குத் தெரியாதாமே” என்று வாயில் கைவைத்த பாட்டியும் அங்கே இருந்தது. ஆண்டவரே என்று அழைக்கவில்லை. மகனே, மகனே என்றே அழுதது. ஜப்பான்காரர் காலத்தில் ரயில் பாதை போடச் சயாமுக்குப் பிடித்துப்போன அதன் மூத்தவன் திரும்பி வரவில்லை என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அழுது ஓய்ந்தபின் முந்தானை நுனியை எச்சில் தொட்டு நனைத்தது. சுரூபத்தின் முழங்காலில் வர்ணம் பூசியிருந்த காயத்தை மெதுவாகத் துடைத்தது. பிறகு குனிந்து, விழுந்து எழுந்த பிள்ளைக்கு ஊதுவதுபோல, அந்தக் காயத்தில் ஊதியது. உபதேசியார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கை அணைக்க நேரமாகியும் அவர் உள்ளே வரவில்லை.