பிலேமோனுக்கு ஒரு கடிதம்



1938 டிசம்பரில், தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் உலகத் திருச்சபைகளின் பேராளர்கள் கூடினர். போதிக்க வந்த மேலைநாட்டாரும், போதனை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க மக்களும் ஒரே அவையில் வீற்றிருந்தனர். அந்தச் சமநிலையின் வேரைத் தேடுவோர் 25 வசனங்களே கொண்ட ஒரு கடிதத்தைக் கற்றல் நன்று.

பவுல் அடிகள் சிறையிலிருந்து பிலேமோன் என்பவருக்கு வரைந்தது அது. பிலேமோனின் அடிமை ஒநேசிமு. தலைவரை விட்டு ஓடிவந்தவன் என்பது மரபு. அப்பெயருக்குப் பயனுள்ளவன் என்பது பொருள். ஓடிய அடிமைக்கு உரோமச் சட்டத்தில் கொடுந்தண்டனை உண்டு. பவுலோ அவனை உடன்பிறந்தானாக ஏற்குமாறு வேண்டுகிறார். அவன் பட்ட கடனையும் தாமே தீர்ப்பதாகத் தம் கையால் எழுதுகிறார். கட்டளையிட உரிமை இருந்தும் அவர் கெஞ்சுகிறார். எனினும், அடிமைமுறை ஒழிக என்று அவர் எழுதவில்லை. அதனாலன்றோ, பிற்காலத்து அமெரிக்காவில் அம்முறையை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் இக்கடிதத்தையே சான்று காட்டினர்!

தரங்கம்பாடியில் 1715-இல் அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாட்டிலும் இக்கடிதம் உண்டு. நூறாண்டு கடந்தும் நம் சபைகளில் சாதிக்கேற்ப இருக்கை பிரிந்தே இருந்தது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், அவ்வேற்றுமை உடனே ஒழியவேண்டுமெனத் தென்னகச் சபைகளுக்கு மடல் விடுத்தார். அவர் வேண்டவில்லை, ஆணையிட்டார். பவுலின் நயத்தை விரும்பும் நான், வில்சனின் கடுமையைக் குறைகூறத் துணியேன். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அம்மடலை ஏற்க மறுத்துக் கோயிலை விட்டே வெளியேறினர்.