புகை அதேதான், வானிலைதான் வேறு



காலையில் எழுந்ததும் போனில் வானிலை பார்க்கிறவங்க நம்மில் நிறைய பேர். மழை வருமா, வெயில் எத்தனை டிகிரி என்று பார்ப்போம். காற்று மாசு பற்றிய தகவலும் அதே போனில் கிடைக்கிறது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவங்க குறைவு. நம்ம நுரையீரலுக்கு இரண்டும் சேர்ந்துதான் வருகிறது.

2018 ஜனவரி 13, போகி நாள். புகையும் பனியும் கலந்து சென்னையை மூடியதில் விமானங்கள் தாமதமாயின. அதே பொருட்களை மே மாத மதியத்தில் எரித்திருந்தால் இவ்வளவு நேரம் புகை தங்கியிருக்காது.

காரணம் இதுதான். மார்கழி, தை மாத இரவுகளில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிவிடும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று, பானைக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும். கீழே உள்ள புகை அதைத் தாண்டி மேலே போக முடியாது. விடியற்காலையில் காற்றும் பெரிதாக வீசாது. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் மூடி திறக்கும். 1952 டிசம்பரில் லண்டனில் இந்த மூடி ஐந்து நாள் திறக்கவே இல்லை. நிலக்கரிப் புகை உள்ளேயே தங்கியதில் குறைந்தது 4,000 பேர் இறந்தார்கள்.

இந்தப் புகையில் இருக்கும் பி.எம். 2.5 என்ற நுண்துகள் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். அதனால் மூக்கில் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போகும், ரத்தத்திலும் கலக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மட்டும்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும்கூட இதில் பங்கு உண்டு.

'மார்கழி விடியற்காலையில் ஓசோன் இறங்கி வரும், சுவாசித்தால் நல்லது' என்று வருஷா வருஷம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீங்க. வானத்தின் உயரத்தில் இருக்கும் ஓசோன் நம்மைக் காப்பது உண்மை. ஆனால் தரைக்கு அருகில் உள்ள ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு. வாகனப் புகையும் கடும் வெயிலும் சேர்ந்துதான் அது உருவாகிறது. அதனால் அது விடியற்காலைப் பிரச்சினையே இல்லை, கோடை மதியத்துப் பிரச்சினை. என்-95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், இந்த வாயுவைத் தடுக்காது. கோடையில் மதியம் வீட்டுக்குள் இருப்பதுதான் வழி.

கோலம் போடுவதையோ கோயிலுக்குப் போவதையோ யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ள தாத்தா, பாட்டிகள் ஐந்து மணி வாக்கிங்கை எட்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். போகியன்று டயர், பிளாஸ்டிக் எரிக்க வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்பதும் இவங்களுக்காகத்தான்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் காற்றுத் தரக் குறியீடு கிடைக்கும். 100 வரை கவலையில்லை. 200-ஐத் தாண்டினால் 'மோசம்', 300-க்கு மேல் 'மிக மோசம்'. ஒரு விஷயம் மட்டும் பலருக்குத் தெரியாது. நுண்துகளுக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரி. போகியன்று காலை ஆறு மணிக்குத் தெருவே தெரியாத புகை இருக்கும், செயலியோ சுமாரான எண்ணைக் காட்டும். அந்த எண்ணில் முந்தைய நாளின் நல்ல காற்றும் கலந்திருக்கிறது. அப்படிப்பட்ட நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதை வைத்து முடிவெடுங்க. ஜன்னலை மூடுங்க, இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்க.

மருத்துவ ஆலோசனைக்கு 104. மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போனாலோ, நெஞ்சு இறுக்கமாக இருந்தாலோ, புகை கலையட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்க.