போத்தனூர் வந்த 1711-ஆம் எண் பெட்டி
(உரையின் எழுத்து வடிவம்)

போத்தனூர் வழியா ரயில்ல போகாத கோயம்புத்தூர்க்காரங்க குறைவு. ஆனா அந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்த ஒரு சரக்குப் பெட்டியைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது.

1862-லேயே ரயில் பாதை போத்தனூருக்கு வந்துவிட்டது. சென்னையையும் மலபாரையும் இணைத்த பெரிய பாதை அது. கோவை நகருக்குள் 1873-ல்தான், மேட்டுப்பாளையம் கிளைப் பாதையாக வந்தது. பெரிய ஜங்ஷன் என்றால் அன்றைக்குப் போத்தனூர்தானுங்க!

மலபாரிலிருந்து வரும் பயணிகள் வண்டிகளில் மூட்டை முடிச்சு, பார்சல் ஏற்றுவதற்கு லக்கேஜ் வேன் என்ற மூடிய பெட்டியைக் கோப்பார்கள். ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனியின் பாதையிலும் ஓடும். அதனால்தான் யாருடையது, என்ன எண் என்று பெட்டியின் மேலேயே எழுதியிருப்பார்கள். நாம் பேசும் பெட்டி மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேக்குச் சொந்தமானது. எண் 1711. அது ஓடிய பாதையோ தென்னிந்திய ரயில்வேயுடையது.

1921 நவம்பர் 19, மாலை. மலபார் கலகத்தில் பிடிபட்ட சுமார் 100 கைதிகளைத் திரூரில் இந்தப் பெட்டிக்குள் ஏற்றிக் கதவைப் பூட்டினார்கள். உள்ளே சன்னல் கிடையாது. ஷொர்ணூரில் வண்டி நின்றது, ஒலவக்கோட்டில் நின்றது. தண்ணீர் கேட்டு உள்ளேயிருந்து கத்தியிருக்கிறார்கள். கதவு திறக்கவில்லை. நள்ளிரவு தாண்டிப் போத்தனூரில் திறந்தபோது, பாதிக்கு மேல் பிணம். மூச்சு இருந்தவர்களைக் கோவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கேயும் சிலர் இறந்தார்கள். மொத்தம் 70 பேர் வரை இறந்ததாகக் கணக்கு. உடல்களைத் திரூருக்கே திருப்பி அனுப்பினார்கள்.

ஏ.ஆர். நாப் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. காற்றுத் துவாரங்களின் கம்பி வலையைப் பெயிண்டும் தூசியும் அடைத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. பாருங்க, பார்சலுக்கு அது ஒரு குறையே இல்லை. அரிசி மூட்டை மூச்சு விடாதே! மனிதரை ஏற்றும் முன் அந்த வலையைக் கையால் தொட்டுப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அதற்கு முன்பும் மூடிய பெட்டிகளில் கைதிகளை அனுப்பியிருந்ததால், வழக்கம்தானே என்று விட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

திரூரில் நகராட்சி மண்டபமே அந்தப் பெட்டியின் வடிவத்தில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. மண்டப உருவம் அங்கே என்றால், காகித உருவம் நம்மிடம். மலபார் அன்றைக்குச் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். அந்தக் கால அரசாணைகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1909-ல் தொடங்கிய இடம் அது. அதிகாரிகளுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீங்க. ஆய்வு செய்ய நினைக்கும் பொதுமக்களும் விண்ணப்பித்துப் பார்க்கலாம். சும்மா "பழைய ரயில் விஷயம்" என்று கேட்டால் தேடுவது சிரமமுங்க. ஆண்டு, மாவட்டம், துறை, இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு போங்க.

திரூர் மண்டபத்தையும் பார்க்க ஆசைப்பட்டால், கோவையிலிருந்து நேரடி ரயில் உண்டு. அந்தப் பெட்டி வந்த அதே தடம்தான்.