மூணுல ஒரு பங்கு

(மகளிர் தினத்தையொட்டிக் கடலூரில் வங்கிப் பெண் ஊழியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். வாசிக்கப் போவதில்லை. ‘பணியிடத்தில் பெண் முன்னேற்றம்’ என்று பேனரில் போட்டிருக்கிறது. அதைப்பற்றிப் பேச என்னிடம் இருப்பது ஒரு டெபிட் வவுச்சர். ரெண்டு வருஷமாக மாதாமாதம் என் கையால் நானே எழுதின வவுச்சர்.

எங்கள் கிளையில் பெண்கள் ஆறு பேர். மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் மேனேஜர் இதைப் பெருமையாகச் சொல்வார். நாங்களும் சிரித்துக்கொண்டு நிற்போம். ஏழாவதாக ஒரு அம்மா இருக்கிறார், பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர். அவரை அந்தக் கணக்கில் யாரும் சேர்த்ததில்லை. நானும் சேர்த்ததில்லை. அவர் என் அம்மா பிறந்த ஊர்ச் சேரிக்காரர். எனக்குப் பெரியம்மா முறை. பின்கட்டில் குழாயடியில் பார்த்தால் ‘பாப்பா, சாப்ட்டியா’ என்பார். கவுண்டருக்கு முன்னால் வந்தால் ‘மேடம்’. நானும் அப்படித்தான். பின்னால் ‘பெரியம்மா’, முன்னால் ‘இந்தாம்மா, இங்க கொஞ்சம் தண்ணி கொட்டிடுச்சு’. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவள் நான். சாப்பாட்டு மேசையில் என் டப்பாவைத் திறக்கிற வரைக்கும் நான் யார் என்பதை யாரும் கேட்காமல் இருக்க வேண்டும் என்று பயந்துகொண்டு கழித்த வருஷங்கள் உண்டு. பெரியம்மாவுக்கு அது தெரியும். அதனால்தான் அவரே முந்திக்கொண்டு ‘மேடம்’ என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். வங்கியில் பகுதிநேர ஊழியருக்குச் சம்பளம் எப்படிப் போடுகிறார்கள் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? வாரத்துக்கு 6 மணி நேரத்துக்கு மேல் 13 மணி நேரம் வரை வேலை பார்த்தால், சம்பள விகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு. 13-க்கு மேல் 19 வரை என்றால் பாதி. 19-க்கு மேல் 29 வரை முக்கால். 29-ஐத் தாண்டினால் முழுச் சம்பளம். தொழிற்சங்கங்கள் போராடி ஒப்பந்தத்தில் எழுத வைத்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் மணியை எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது?

பெரியம்மா காலை ஏழரைக்கு வருவார். பெருக்கித் துடைத்து, கக்கூஸ் கழுவி முடிக்கப் பத்து மணி. மத்தியானம் ரெண்டிலிருந்து மூணு வரை சாப்பாட்டு அறை, டம்ளர், எங்கள் டப்பாக்கள்கூட. சாயந்திரம் அஞ்சிலிருந்து ஆறு. ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம். சனிக்கிழமை உள்ள வாரத்தில் 27 மணி, இல்லாத வாரத்தில் இருபத்திரண்டரை. எப்படிப் பார்த்தாலும் முக்கால் சம்பளம். பதிவேட்டில் நாளைக்கு 2 மணி என்று இருந்தது. நான் வவுச்சர் எழுதினேன், மூணுல ஒரு பங்கு. டெபிட், கிரெடிட் சரியாக இருந்தது. ஒரு பைசா வித்தியாசம் வந்தால் ராத்திரி எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்து தேடுகிற ஆள் நான்.

ஏன் பேசவில்லை? ‘உங்க ஆளுங்கறதால பேசுறீங்களா மேடம்’ என்று ஒரு குரல் வரும். அது வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

இங்கே எனக்கு முன்னால் பேசிய தோழர் பதவி உயர்வு பற்றிச் சொன்னார். ஆபீசர் ஆனால் மாற்றல், மாற்றல் என்றால் வீடு, பிள்ளை, மாமியார், அதனால் பெண்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள் என்றார். அவ்வளவும் உண்மை. ஆபீசர் ஆகிறதைத் தியாகம் பண்ணு என்று எந்த வீட்டிலாவது ஆம்பளையிடம் சொல்கிறார்களா? நானும் ஒரு தடவை எழுதிக் கொடுத்தவள்தான். ஆனால் என் காரணம் வேறே. எனக்குப் புது ஊரில் வாடகை வீடு கிடைக்காது. ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று கேட்பதற்கு முன்னாலேயே ‘சைவமா?’ என்று கேட்பார்கள். தனியாக வருகிற பெண் என்பது ஒரு பூட்டு, சாதி இன்னொரு பூட்டு. நம்முடைய பெண்ணியச் சொல்லாடலில் முதல் பூட்டுக்கு மட்டும்தான் சாவி தேடுகிறோம்.

பெண்களுக்கென்றே ஒரு பொதுத்துறை வங்கியை 2013 நவம்பரில் திறந்தார்கள். 2017 ஏப்ரல் 1-ல் அதை ஸ்டேட் பாங்க்கோடு இணைத்தார்கள். அப்போது ஸ்டேட் பாங்க்குக்கே தலைவர் ஒரு பெண், அருந்ததி பட்டாச்சார்யா. சந்தோஷம்தான், கேலி பண்ணவில்லை. ஆனால் நம் உரிமைகள் அந்த உயரத்திலிருந்து இறங்கி வந்தவை இல்லை. 1928-ல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகால மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் பேசினாரே, அது ஆலையில் நின்று உழைத்த பெண்களுக்காக. மறு வருஷம் சட்டமானது. இன்றைக்கு நாம் எடுக்கிற 26 வார விடுப்பின் வேரில் அந்தப் பெண்கள் இருக்கிறார்கள்.

பன்வாரி தேவியும் அப்படித்தான். ராஜஸ்தானில் பட்டேரி கிராமம், குயவர் சமூகம். அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊழியர். ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார், அது அவர் வேலை. 1992-ல் ஆதிக்கசாதி ஆண்கள் கூட்டாக அவரை வல்லுறவு செய்தார்கள். 1995-ல் விசாரணை நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. மேல்சாதிக்காரன் கீழ்சாதிப் பெண்ணைத் தொடமாட்டானாம்! அந்தக் கொடுமையிலிருந்து கிளம்பியதுதான் 1997-ல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு, அதிலிருந்து 2013-ன் சட்டம். நம் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறதே, உள்ளகக் குழு உறுப்பினர் பட்டியல், அது அவர் கொடுத்த விலை. அந்தச் சட்டம் ஒப்பந்த ஊழியரையும் வீட்டுவேலை செய்பவரையும்கூட ஊழியர் என்று சொல்கிறது. மாவட்டத்தில் அமைக்கிற குழுவில் நியமிக்கப்படுகிறவர்களில் ஒரு பெண்ணாவது தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட அல்லது சிறுபான்மைச் சமூகத்தவராக இருக்க வேண்டும் என்கிறது. அலுவலகத்துக்குள் அமைக்கிற குழுவுக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஏன் என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

போன மகளிர் தினத்துக்கு எங்கள் கிளையில் கேக் வெட்டினோம். ஒரே நிறத்தில் சேலை. போட்டோ எடுத்தது செக்யூரிட்டி அண்ணன். பெரியம்மா உள்ளே தட்டு கழுவிக்கொண்டிருந்தார். போட்டோவில் நான் நடுவில் இருக்கிறேன், நல்லாச் சிரிக்கிறேன். அந்தப் படத்தை ராத்திரி வீட்டில் பார்த்தபோது பின்கதவு திறந்திருப்பதும், அவர் முதுகு பாதி தெரிவதும் கண்ணில் பட்டது.

மறு வாரம் அவர் பேரில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். வேலை நேரம் மொத்தமும் போட்டு, முக்கால் சம்பள விகிதம் கேட்டு. அவர் கைநாட்டு வைத்தார். வைக்கும்போது ‘உனக்கு ஒண்ணும் வந்துடாதே பாப்பா?’ என்று கேட்டார்.

நடந்ததைச் சொல்கிறேன். சம்பளம் உயரவில்லை. காலையில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் அவர் கிளையில் இருக்கக் கூடாது என்று வாய்மொழி உத்தரவு வந்தது. மத்தியானமும் சாயந்திரமும் செய்கிற வேலை குறையவில்லை, எல்லாவற்றையும் அந்த ரெண்டு மணி நேரத்துக்குள் முடிக்கணும். பெரியம்மாவுக்கு முட்டி வலி. ‘நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. இப்ப ஓடி ஓடிக் கழுவுறேன்’ என்றார். கூட இருந்த தோழிகளில் ஒருத்தி, ‘ரொம்பக் கிளறினா இந்த வேலையையும் கான்ட்ராக்டுக்கு விட்டுடுவாங்க, அந்த அம்மாவுக்கு இதுவும் போயிடும்’ என்றாள். அவள் சொன்னது மிரட்டல் இல்லை. பல கிளைகளில் அதுதான் நடந்திருக்கிறது.

ஒரு மாதத்தில் ரெண்டு மணி உத்தரவு தானாகவே செத்துப்போனது. சாப்பாட்டு அறை நாறியது, டம்ளர் காயவில்லை. ‘சாயந்திரம் கொஞ்சம் வந்துட்டுப் போம்மா’ என்றார்கள். அந்தக் ‘கொஞ்சம்’ இப்போது பழையபடி ரெண்டு வேளை.

நான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். பெரியம்மா வந்த நேரம், போன நேரம். நான் எழுதுகிறேன், அவர் பக்கத்தில் ஒரு கோடு போடுகிறார். செக்யூரிட்டி அண்ணன் பார்த்ததாகக் கையெழுத்துப் போடுகிறார். மூன்று மாதம் முடிந்திருக்கிறது. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்த நோட்டை மேசைமேல் வைக்கப் போகிறேன். ‘உங்க ஆளா?’ என்று யாராவது கேட்டால், ஆமாம், என் பெரியம்மா என்று சொல்லப் போகிறேன். உங்கள் கிளைப் பதிவேட்டில் எத்தனை மணி என்று போட்டிருக்கிறது? நாளைக்குப் போய்ப் பாருங்கள், எனக்குச் சொல்லுங்கள்.